பார் இல்லாத சைக்கிளும் ஜீப்பின் கொக்கியும்



போன வாரம் தம்பி மகன் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பல பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், உங்க பழைய சைக்கிள் ஏன் ஜீப்புக்குப் பின்னால தொங்குது? அது என்ன கொக்கி?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு ஒரு வரியில் சொல்ல வராது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கொக்கியின் கதை.

ஜீப் பிறந்தது போருக்காக. 1940-ல் அமெரிக்க ராணுவம் எந்த வழியிலும் போகக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் 49 நாளுக்குள் மாதிரி வண்டியைச் செய்து, அந்த வருடம் செப்டம்பர் 23 அன்று கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸ், ஃபோர்டு என்ற பெரிய கம்பெனிகளுக்குப் போனது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. அந்த வண்டியின் பின்பக்கம், நடுவில், ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. சிறிய பீரங்கியை இழுக்க, கால் டன் டிரெய்லரை இழுக்க. கவனியுங்கள், எதையும் தொங்கவிட அல்ல, இழுக்க. இந்த வேறுபாடுதான் பின்னால் எங்களைப் படுத்தி எடுத்தது.

நம் நாட்டுக்கு ஜீப்பைக் கொண்டுவந்தவர்கள் மகிந்திரா சகோதரர்கள். 1945 அக்டோபர் 2 அன்று லூதியானாவில் தொடங்கியபோது அந்த நிறுவனத்தின் பெயர் 'மகிந்திரா அண்ட் முகமது'. கூட்டாளியான குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் நிறுவனத்தின் பெயர் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' என்று மாறியது. 1947-ல் முதல் தொகுதியாக 75 வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களைத் தனித்தனியாக வரவழைத்து இங்கே பூட்டினார்கள். இன்று நம் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் தார் ஜீப் அந்த வம்சம்தான். 2010-ல் முதல் தார், 2020-ல் புதிய தார்.

நான் பார்த்த முதல் கொக்கி வேறு. 1985-ல் எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் வாங்கிய மை காயாத வயசு. அப்போது நம் ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம், 2019-ல் கள்ளக்குறிச்சி. ஊரை விட்டு நகராமலே மூன்று மாவட்டத்தில் குடியிருந்துவிட்டேன்!

மலையின் வரலாறு தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கல்வராயன் மலை நீண்ட காலம் மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று சொல்வார்கள். 1976-ல்தான் அரசு மலையை நேரடியாக எடுத்துக்கொண்டது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருடம் கழித்து! நான் போனபோது அந்த மாற்றத்துக்கு ஒன்பது வயதுதான். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மா எல்லாம் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்த கதையை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே போக வர ஜீப்தான். கச்சிராயபாளையத்திலிருந்து ஏறும் ஜீப்பில் உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. சாமை மூட்டை, பலாப்பழம், கோழி, புளி, அதற்கு நடுவில் டீச்சர். பின்னால் தொங்குகிறவர்கள் கால் வைக்கும் இடம் அந்தக் கொக்கிதான். ஒருமுறை நானும் அதில் கால் வைத்துத்தான் ஏறினேன். அப்போது அது பீரங்கி இழுக்கப் பிறந்த கொக்கி என்று எனக்குத் தெரியாது.

இனி சைக்கிளின் கதை.

இப்போது நாம் ஓட்டும் மாதிரியான சைக்கிளை 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். பெண்கள் நீளப் பாவாடையோடு ஏறி இறங்க வேண்டுமே என்று, சீக்கிரத்திலேயே மேல் பாரை எடுத்துவிட்டு வளைந்த கம்பி வைத்த லேடீஸ் சைக்கிளும் வந்தது. நம் தமிழ்நாட்டில் 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிற்று. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

அந்த மேல் பாரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலை முக்கோணத்துக்குள் விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தானே நீங்கள் எல்லாரும் கற்றுக்கொண்டீர்கள்? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு மறுநாள் என் வகுப்பில் நொண்டியவர்கள் பெயர் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. சொல்லவா?

ஆனால் அப்படிக் கற்றுக்கொண்டதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? நானே 32 வயது வரை சைக்கிளைத் தள்ளக்கூடப் பழகவில்லை. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த நேரம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்துவிட்டார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், குவாரித் தொழிலாளிகள், கூலி வேலைக்காரப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருவில் போனார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நிறையப் பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்களாம். ஏன் தெரியுமா? அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

அந்தச் செய்தியைக் கேட்ட ரோஷத்தில்தான் அந்த வருடமே ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். அதற்குள் மலையிலிருந்து கீழே மாற்றலாகி வந்திருந்தேன். "வயசான காலத்துல டீச்சருக்கு எதுக்கு இது" என்று சொன்னவர்கள் உண்டு. விழுந்தேன், எழுந்தேன், 2018-ல் ஓய்வு பெறும் நாள் வரை அதில்தான் பள்ளிக்குப் போனேன். பிறகு 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06-ல் அதை மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தபோது, என்னிடம் படித்த பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் போவதைப் பார்த்துக் கண் கலங்கினேன். ஆனால் அது பதினொன்றாம் வகுப்புக்குத்தான். ஒன்பதாவது படிக்கிறவள் என்ன செய்வாள்?

அதுதான் விஷயம். மலையில் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெண், இப்போது குடும்பத்தோடு மேலேயே இருக்கிறாள். அவள் மகள் ஒன்பதாவது. தினமும் பள்ளிக்கு வெகு தூரம் நடை. "என் சைக்கிளை எடுத்துக்கோம்மா" என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் கேள்வி வந்தது: எப்படி மலைக்கு ஏற்றுவது? அந்தக் காலமாக இருந்தால் பஸ் கூரையில் ஏற்றி, லக்கேஜ் சீட்டு வாங்கியிருப்போம். இப்போது பஸ் கூரைக்கு ஏணியே இல்லை.

சென்னையில் இருக்கும் தம்பி மகன், "அத்தை, கவலைப்படாதீங்க, என் தார்ல எடுத்துட்டுப் போலாம்" என்றான். ஒரு நகரத்துக் கடையில் கொக்கி வைத்து, அதன்மேல் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டிக்கொண்டு வந்தான். வெளிநாட்டில் இதை டோ பார் என்கிறார்கள். நுனியில் 50 மி.மீ. இரும்பு உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டு, அதிலிருந்து நீளும் இரண்டு கை. சைக்கிளின் மேல் பாரை அந்தக் கைகளில் மாட்டிப் பட்டையால் இறுக்க வேண்டும். அவனுடைய கியர் சைக்கிள் சமர்த்தாக உட்கார்ந்தது.

என் சைக்கிளை எடுத்தான். மாட்ட இடம் இல்லை. பார் எங்கே?

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஸ்டாண்டு செய்தவர் மனதில் என் சைக்கிள் இல்லவே இல்லை! கடைசியில் வளைந்த கம்பியில் கோணலாக மாட்டி, கயிறு கட்டிக் கிளம்பினோம். சின்னசேலம் போகும் வழியில் ஒரு வேகத்தடை. 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் கொக்கியே கீழ்நோக்கிக் குனிந்து நிற்கிறது. என் சைக்கிளின் மட்கார்டு நசுங்கி, பின்சக்கரம் சாலையைத் தொட இரண்டு விரல் இடைவெளிதான் பாக்கி. பின்னால் டூவீலரில் யாராவது வந்திருந்தால்? நினைத்தாலே இன்னும் கை நடுங்குகிறது.

மெதுவாகத் திருப்பி, நம்மூரில் டிராக்டர் டிரெய்லருக்குக் கொக்கி வைக்கும் பட்டறைக்கு வந்தோம். அவனும் என் மாணவன்தான். ஐந்தாம் வகுப்பில் அறிவியலில் 38 மார்க். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"டீச்சர், இதை பம்பர்ல வெச்சிருக்காங்க. பம்பர் அடி வாங்கறதுக்கு, சொமை தாங்கறதுக்கு இல்ல. அதோட இழுக்கறது வேற, தொங்கறது வேற."

எனக்கு வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. ஐரோப்பியக் கார்களின் கொக்கியில் இரண்டு கணக்கு உண்டு. பல கார்களில் 1,500 கிலோ டிரெய்லரை இழுக்கலாம்; ஆனால் மேலிருந்து அழுத்தும் பாரம் 75 கிலோவைத் தாண்டக் கூடாது. எங்கள் கணக்கு: ஸ்டாண்டு 17 கிலோ, அவன் சைக்கிள் 15, என் சைக்கிள் 19. மொத்தம் 51. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் தாரின் பின்கதவில் ஸ்டெப்னி சக்கரம் இருக்கிறது. அதைத் தாண்டி ஸ்டாண்டு வெளியே நீள வேண்டும். கிணற்றில் வாளியைப் பக்கத்தில் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். அதிலும் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அந்த 51 கிலோ இரண்டு மூன்று மடங்காகக் கொக்கியை உலுக்கும்.

பழைய கொக்கியைக் கழற்றி எறிந்தான். தார் ஜீப்புக்கு அடியில் ஏணி மாதிரி சேஸிஸ் இருக்கிறது. அதன் இரண்டு கம்பிகளிலும் ஏற்கெனவே இருந்த துளைகளில் கனமான தகடு வைத்து, தகட்டில் கொக்கியைப் பூட்டினான். சேஸிஸில் புதிதாகத் துளை போடவும் இல்லை, வெல்டிங் வைக்கவும் இல்லை. இரண்டுமே அதன் பலத்தைக் குறைக்குமாம். சாதாரண போல்ட் வேண்டாம் என்று தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டும், அதிர்வில் கழலாத நைலான் நட்டும் போட்டான். "ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி ஒருதரம் டைட் பண்ணிப் பாருங்க" என்றான். 38 மார்க்கைப் பற்றி இனி நான் பேசமாட்டேன்.

என் சைக்கிளுக்கு? ஒரு இரும்புக் குழாயை அளந்து வெட்டி, சீட்டுக் கம்பிக்கும் ஹேண்டில் கழுத்துக்கும் நடுவே கவ்வி வைத்துப் பூட்டிவிட்டான். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து என் சைக்கிளுக்குப் பார் வந்தது!

இப்படி மாட்ட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. நாங்கள் ஸ்டாண்டை ஒரு துளை உயர்த்தி, இருபது தப்படி பின்னால் நின்று பார்த்துக்கொண்டோம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. அளவை மீறி வெளியே நீளும் சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 20,000 ரூபாய். மாட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

மறுநாள் காலை சின்னசேலம், கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். சைக்கிள் லேசாக ஆடியது, அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்கு முன் கொக்கியில் கால் வைத்து ஏறிய அதே மலை. இப்போது கொக்கியில் என் சைக்கிள்.

அந்தப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் மகள் ஒன்றும் பேசாமல் சைக்கிளைச் சுற்றி வந்து மணியை அடித்துப் பார்த்தாள். தம்பி மகன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, இனி வேண்டாம் என்று அந்தக் குழாயைக் கழற்றப் போனான்.

"அண்ணா, அது இருக்கட்டும்" என்றாள் அவள். "தம்பியை அதுல உக்கார வெச்சு அங்கன்வாடிக்குக் கூட்டிட்டுப் போலாம்ல?"

எனக்குப் பேச்சு வரவில்லை. புதுக்கோட்டைப் பெண்கள் பார் கேட்ட கதையை அவள் எங்கே கேட்டிருக்கப் போகிறாள்!

ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே. "கண்ணு, இந்தக் குழாய் சைக்கிளைத் தொங்கவிட வெச்சது, ஆளைத் தாங்காது. தம்பியைப் பின்னால கேரியர்ல உக்கார வை" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, குழாயைக் கழற்ற விடாமல் தன் புத்தகப் பையை அதில் மாட்டிக்கொண்டாள். கீழே வந்ததும் பட்டறையில் சொல்லிவிட்டேன், கேரியருக்குக் குழந்தை இருக்கை ஒன்று செய்து கொடு என்று. காசு வாங்கமாட்டேன் என்கிறான். வாங்க வைப்பேன்.

உங்கள் முதல் சைக்கிள் யாருடையது, யார் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள், எழுதுங்கள். பெண் பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்