மோட்டார் வண்டியும் மௌனமும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே பலரும் கூறுவர். ஓசையோடு மனிதன் நடத்திய போராட்டமாகவும் அதனைக் கூறலாம் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் வண்டிக்கூட்டின் மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து கிறீச்சிட்டன. 1920களில் சார்லஸ் வைமன் என்னும் விமானி, மரத்தோடு மரம் படாதவாறு மூட்டுகளில் உலோகத் தகடு வைத்து, மேலே துணி போர்த்தினார். கிறீச்சொலி அடங்கிற்று. ஆயினும் எட்வர்ட் பட் அமெரிக்காவில் 1910களிலேயே உருவாக்கிய முழு எஃகுக் கூடே முடிவில் வென்றது. உறுதி வந்தது, உடன் முழக்கமும் வந்தது. அகன்ற தகடு தவிலின் தோலைப் போன்றதன்றோ?

அம்மரபில் வந்ததே அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவிய அவ்வண்டி, வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பெற்றது. குருவிகுளத்தில் பழைய அம்பாசடர் ஒன்றின் தரைவிரிப்பை நீக்கக் கண்டேன். ஓசையை அடக்க எவரோ இட்ட சணல் மெத்தை, கதவிடுக்கில் கசிந்த நீரைக் குடித்திருந்தது. அடித்தகடு துருவேறிச் சல்லடையாகியிருந்தது. மழை அரிதான கரிசற் சீமையிலேயே இக்கதி! தனி அடிச்சட்டம் இல்லாத அவ்வண்டிக்குத் தரையே முதுகெலும்பு.

ஒலிக்கும் வெண்கலப் பாத்திரத்தை விரலால் தொட்டால் ஓசை அடங்கும். தகட்டில் ஒட்டும் தாரோ பியூட்டில் ரப்பரோ அவ்வாறே அதிர்வை விழுங்கிச் சிறு வெப்பமாக்குகிறது. தகடு முழுவதையும் மூட வேண்டுவதில்லை. அதிரும் நடுப்பகுதி போதும். முதலில் துருவைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். நீர் வடியும் துளைகளை அடைக்கலாகாது. மேலே இடும் மெத்தை நீர் உறிஞ்சாததாக இருத்தல் வேண்டும்.

எஞ்சியுள்ள பழைய வண்டிகள் சிலவே. ஓசையை அடக்கப் புகுவோர், அதன் கீழ்த் துருவை ஒளித்து வைத்துவிடலாகாது.