பதிவு அலுவலகம் இல்லாத முதலாளி: பணியிட விபத்து வழக்குகளும் வெளிமாநில உரிமையாளர் மீதான அதிகார வரம்பும்

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 19ஆம் பிரிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டிருக்கிறது. டெல்லியில் குடியிருப்பவர் கல்கத்தாவில் ஒருவரை அடிக்கிறார். அடிபட்டவர் கல்கத்தாவிலும் வழக்குத் தொடரலாம், டெல்லியிலும் தொடரலாம். தீங்கு நடந்த இடம் ஒன்று, தீங்கு செய்தவர் இருக்கும் இடம் மற்றொன்று. இரண்டில் எதைத் தேர்வது என்பது வாதியின் விருப்பம். ஆனால் அடிபட்டவரின் சொந்த ஊர் எது என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. வேலைத்தலத்தில் கை இழந்தவரோ, உயிரிழந்தவரின் குடும்பமோ வெளிமாநில முதலாளி மீது எங்கே இழப்பீடு கேட்கலாம் என்ற கேள்விக்கு இன்றைய இந்தியச் சட்டம் சொல்லும் விடை இந்த ஏற்பாட்டைப் பாதி தலைகீழாக்கிவிட்டது. வாதியின் ஊர் உள்ளே வந்தது. பிரதிவாதியின் ஊர், அவர் கம்பெனியாக இல்லாவிட்டால், வெளியே போனது. முதல் மாற்றம் தீர்ப்புகளில் நிறையப் பேசப்படுகிறது. இரண்டாவது மாற்றம் பேசப்படுவதில்லை. டெல்லியிலும் அதை ஒட்டிய தொழில் வட்டாரங்களிலும் தொழிலாளியின் மனு வலுவிழப்பது இந்த இரண்டாவது மாற்றத்தால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலில் வகுத்த விதி எளிமையானது: விபத்து எந்தப் பகுதியில் நடந்ததோ அந்தப் பகுதியின் ஆணையரிடம் மனு. தொழிலாளி ஆலைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து, அங்கேயே சாவார் என்ற எண்ணம் அதில் இருந்தது. டெல்லியின் வேலைச் சந்தை அப்படிப்பட்டதல்ல. கட்டுமானத்துக்கும் பட்டறைக்கும் ஆள் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிறார். கொண்டுவருபவர் டேக்கேதார் எனப்படும் ஒப்பந்தக்காரர். ஆள் இறந்தால் உடல் ஊருக்குப் போகிறது, மனைவியும் ஊரில்தான் இருக்கிறார். கணவர் வேலை பார்த்த நகரில் தங்கி வழக்கு நடத்த அவருக்கு வழியில்லை.

1995ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம் அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவைத் திருத்தி மூன்று கதவுகளைத் திறந்தது: விபத்து நடந்த இடம், தொழிலாளியோ அவரைச் சார்ந்திருந்தவரோ வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம். விபத்து நடக்காத இடத்து ஆணையர் மனுவை எடுத்துக்கொண்டால், விபத்து நடந்த பகுதியின் ஆணையருக்கும் அந்த மாநில அரசுக்கும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. 2007இல் மோர்ஜினா பேகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தின் நோக்கத்தைத் தெளிவாக்கியது: பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகும் தொழிலாளியின் குடும்பம், விபத்து நடந்த இடத்துக்கு அலையாமல், தான் வாழும் இடத்திலேயே உரிமை கோர முடிய வேண்டும்.

2019 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலை டெல்லி அனாஜ் மண்டியில் பட்டறைகள் நிறைந்த ஒரு கட்டடம் தீப்பிடித்து 43 பேர் இறந்தார்கள். அங்கேயே வேலை செய்து அங்கேயே உறங்கியவர்கள் அவர்கள்; பலர் பீகார்க்காரர்கள். இப்படிப்பட்ட ஒரு சாவில் குடும்பம் தன் மாவட்டத்து ஆணையரிடமே மனு கொடுக்கலாம். டெல்லி முதலாளி அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். பீகாரில் அவருக்குக் கடையோ கணக்கோ கிளையோ ஏதுமில்லாமல் இருக்கலாம். அது சட்டத்துக்குப் பொருட்டல்ல.

அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் இதைக் கேட்டால் திகைப்பார். அங்கே 1945இல் இன்டர்நேஷனல் ஷூ வழக்கு தொடங்கி, ஒரு மாநில நீதிமன்றம் வெளிமாநிலத்தவரை இழுத்துப் பிடிக்க வேண்டுமானால் அவருக்கு அந்த மாநிலத்தோடு குறைந்தபட்சத் தொடர்பாவது இருந்தாக வேண்டும். 2014இல் வால்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது: வாதி அங்கே வாழ்கிறார் என்பது மட்டுமே தொடர்பாக இருந்தால் போதாது. பணியிடக் காயத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை 2017இன் பிஎன்எஸ்எஃப் ரயில்வே வழக்கு காட்டியது. மான்டானா மாநிலத்தில் அந்த நிறுவனத்துக்கு 2,000 மைலுக்கு மேல் தண்டவாளமும் ஏறத்தாழ 2,000 ஊழியர்களும் இருந்தும், வேறு மாநிலங்களில் பாதிக்கப்பட்ட ஊழியர்களின் வழக்கை மான்டானா நீதிமன்றம் ஏற்க முடியாது என்று முடிவாயிற்று. ஆறே ஆண்டில், 2023இன் மேலரி வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வேறொரு வழி திறந்தது: பென்சில்வேனியாவில் தொழில் செய்யப் பதிவு செய்துகொண்ட ரயில்வே நிறுவனம், அந்த மாநிலச் சட்டப்படி, அங்குள்ள நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டதாகவே கொள்ளலாம். வழக்குத் தொடுத்தவர் வேலை பார்த்ததோ ஒஹையோவிலும் வர்ஜீனியாவிலும். பதிவு என்ற செயலுக்கு இவ்வளவு வலு தரலாமா என்பதில் நீதிபதிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். ஆனாலும் நம் சிக்கலுக்கு உதவும் ஒரு கருத்து அதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்தியாவில் இந்தத் திகைப்புக்கு இடமில்லாததற்குக் காரணம் நமக்குத் தாராள மனம் அதிகம் என்பதல்ல. நீதித்துறை இங்கே ஒன்று. ஓர் உரிமையியல் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு நாட்டின் எப்பகுதியிலும் நிறைவேற்றப்படலாம் என்று அரசியலமைப்பின் 261(3)ஆம் பிரிவே சொல்கிறது. ஒரு காலத்தில் இங்கும் எல்லைகள் பகையாக நின்றதுண்டு. ஃபரீத்கோட் சமஸ்தானத்தின் முன்னாள் பொருளாளர் குர்தயாள் சிங் மீது, அவர் சமஸ்தானத்தை விட்டு வெளியேறிய பிறகு, ராஜா தன் நீதிமன்றத்திலேயே தீர்ப்பு வாங்கினார். பிரிட்டிஷ் இந்தியாவில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 1894இல் பிரிவி கவுன்சில் சொன்னது. ஆட்சி எல்லைக்குள் இல்லாத, கட்டுப்பட ஒப்புக்கொள்ளாத ஒருவர் மீது பிறப்பித்த ஆணை வெறும் காகிதம் என்பது அதன் சாரம். சமஸ்தானங்கள் போனதோடு நாட்டுக்குள் அந்தக் கேள்வியும் போயிற்று. டெல்லிக்கும் பீகாரின் தர்பங்காவுக்கும் இடையில் இப்போது இருப்பது தூரம், இறையாண்மை அல்ல. அதனால் வாதியின் வீட்டை மட்டுமே தொடர்பாகக் கொள்வது அநியாயம் என்ற அமெரிக்க வாதம் இங்கே ஒட்டாது. தவிர, டேக்கேதார் கிராமத்துக்கே போய் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும்போது, முதலாளியின் கை அந்த மாநிலத்துக்குள் ஏற்கெனவே நீண்டுவிட்டது. ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரே இழப்பீடு தர வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னதால், 'அவன் என் ஆள் இல்லை' என்ற பதிலும் எளிதில் எடுபடாது.

இனி மூன்றாவது கதவுக்கு வருவோம். பதிவு அலுவலகம் என்பது கம்பெனிச் சட்டத்தின் சொல். கன்னாட் பிளேஸில் பதிவு அலுவலகம் வைத்துக்கொண்டு நாடெங்கும் பாலமும் சுரங்கமும் கட்டும் நிறுவனத்துக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அசாமில் நடந்த விபத்துக்கு டெல்லியில் மனு போடலாம். தனி உரிமையாளருக்கு அப்படி ஒன்று கிடையாது. டெல்லி வட்டாரச் சிறு பட்டறைகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்களும் குடும்பக் கூட்டாளிகளும்தான்.

ஒரு கற்பனை வழக்கைப் பார்ப்போம். முதலாளி வசிப்பது டெல்லி பீதம்புராவில். வீடு, வங்கிக் கணக்கு, கிடங்கு எல்லாம் அங்கே. பட்டறை மட்டும் சிங்கு எல்லைக்கு அப்பால், ஹரியானாவின் குண்ட்லியில். கம்பெனியாகப் பதிவு செய்யாத தனிநபர் தொழில். பவர் பிரஸ்ஸில் விரல்களை இழந்த தொழிலாளி மதுபனி மாவட்டத்துக்காரர். அவர் ஹரியானாவில் மனு போடலாம், பீகாரில் போடலாம். முதலாளியும் அவர் சொத்தும் இருக்கும் டெல்லியில்? சட்டத்தின் எழுத்துப்படி முடியாது. டெல்லியில் அறை எடுத்துத் தங்கியிருந்தால் இரண்டாவது கதவு வழியே நுழையலாம். ஆனால் வாடகை ரசீது இல்லாத ஒருவர் 'வழக்கமாக வசிக்கும்' இடம் எது என்பதே பெரிய விசாரணையாகிவிடும். இதே தொழிலாளி கவனக்குறைவுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் நட்ட ஈடு கேட்டால், 19ஆம் பிரிவு டெல்லியைத் தாராளமாகத் தருகிறது. அதற்காக அவர் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டுச் சட்டத்தின் 3(5)ஆம் பிரிவின்படி ஆணையரிடம் போகும் உரிமையை விட்டுவிட வேண்டும். காலனி ஆட்சியின் பொது நடைமுறைச் சட்டம் தரும் வசதியைத் தொழிலாளர் நலச் சட்டம் தர மறுக்கிறது.

இது வரைவாளரின் கைத்தவறு மட்டும்தானா? அதே 1995 திருத்தத்தின் இன்னொரு விதியைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. கப்பல், விமானம், மோட்டார் வாகனம் ஆகியவற்றின் பணியாளர் வெளிநாட்டில் விபத்துக்குள்ளானால், அவற்றின் உரிமையாளரோ முகவரோ 'வசிக்கும் அல்லது தொழில் நடத்தும்' பகுதியின் ஆணையர் விசாரிக்கலாம் என்று அது சொல்கிறது. உரிமையாளரின் இருப்பிடத்தை அதிகார வரம்புக்கு அடிப்படையாக்கலாம் என்பது நாடாளுமன்றத்துக்குத் தெரிந்தே இருந்தது. துபாய் சாலையில் கவிழ்ந்த லாரிக்கு அந்த வழி உண்டு, குண்ட்லி பட்டறைக்கு இல்லை என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம், மூன்று கதவுகள் போதாதா என்பது. எங்காவது ஓரிடத்தில் தொழிலாளிக்கு வழி இருக்கிறதே! மனு போடுவதோடு வழக்கு முடிந்துவிடும் என்றால் இதை ஏற்கலாம். வெளிமாநில உரிமையாளரிடம் பணம் வாங்குவது தனிக் கதை. ஆணையரின் ஆணை நிலவரிப் பாக்கிபோல் வசூலிக்கப்பட வேண்டும். இழப்பீட்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 1890ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தைத் துணைக்கு அழைத்தது. மதுபனியில் ஆணை பிறந்தால் அந்த மாவட்ட ஆட்சியர் டெல்லியில் உள்ள தம் சகாவுக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அவர் தம் வரிப் பாக்கிகளுக்கு நடுவே இதையும் கவனிக்க வேண்டும். ஒருமுறைகூட வராமல், ஒருதலையாக ஆணை பிறக்கவிட்டு, சான்றிதழ் வரும் வரை காத்திருப்பதே முதலாளிக்கு மலிவான உத்தி. மேல்முறையீடு செய்பவர் முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும் என்ற இழப்பீட்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவின் கட்டளை, மேல்முறையீடே செய்யாதவரை ஒன்றும் செய்யாது. 12 சதவீத வட்டியும் ஐம்பது சதவீதம் வரையான தண்டமும் காகிதத்தில் ஏறிக்கொண்டே போகும். ஆணை டெல்லியிலேயே பிறந்திருந்தால், இரண்டு மாநில நிர்வாகங்களுக்கு இடையிலான இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் மிச்சம்.

தொழிலாளி ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. பணம் தருவது முதலாளி அல்ல, ஈஎஸ்ஐ கழகம். முதலாளி எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பது யாருக்கும் தேவைப்படாது. ஆள் கணக்கை மறைத்து அந்த வளையத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

சட்டம் திருத்தப்படும் வரை ஆணையர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'பதிவு அலுவலகம்' என்பதைக் கம்பெனிச் சட்டத்தின் பொருளோடு நிறுத்தாமல், முதலாளி தானே ஏதேனும் ஒரு சட்டத்தின்கீழ் தன் தொழிலின் முதன்மை இடமாகப் பதிவு செய்துகொண்ட முகவரியையும் சேர்த்துப் படிக்கலாம். ஜிஎஸ்டி பதிவு முதன்மைத் தொழிலிடத்தைக் கேட்கிறது. டெல்லியின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வரிச் சலுகைக்கு அரசிடம் கொடுத்த முகவரி, இழப்பீட்டு அறிவிப்பு வரும்போது மட்டும் இல்லாமல் போய்விடக் கூடாது. மேலரி வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். சொல்லை இழுத்து நீட்டுகிறேன் என்று குற்றம் சொல்லலாம். நலச் சட்டத்தில் இரு பொருள் கொள்ளக்கூடிய சொல்லைத் தொழிலாளிக்குச் சாதகமாகப் படிப்பது நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல.

தவறான இடத்தில் மனு போட்டுவிட்டார் என்ற ஆட்சேபம் எழும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இட வரம்பு ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுப்பச் சொல்கிறது. நீதி தவறியதாகக் காட்டாவிட்டால் மேல்முறையீட்டில் அது எடுபடாது. மோட்டார் விபத்து வழக்குகளான மான்டூ சர்க்காரிலும் (2009), மாலதி சர்தாரிலும் (2016) உச்ச நீதிமன்றம் இதே அளவுகோலால் இழப்பீட்டை மீட்டுத் தந்தது. முதல் வழக்கின் மனுதாரரும் புலம்பெயர் கூலித் தொழிலாளிதான். பிற மாநில ஆணையருக்கு அறிவிப்பு அனுப்பத் தவறினார்கள் என்பதற்காக முழு விசாரணையையும் ரத்து செய்வதை இந்த அளவுகோல் தாங்காது. அறிவிப்பு அனுப்ப வேண்டியவர் ஆணையர். அவர் மறந்ததற்குத் தண்டனை விதவைக்கா?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தையும் வேலையோடு சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு அது முன்னே போயிருக்கிறது. எங்கே மனு போடுவது என்று வரும்போது மட்டும் 1995இன் மூன்று கதவுகளையே எடுத்து வைத்துக்கொண்டது. உரிமையாளர் வசிக்கும் இடம், தொழில் நடத்தும் இடம் என்ற சில சொற்களை மூன்றாவது கதவில் சேர்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அதே சட்டத்தின் வெளிநாட்டு விபத்து விதியிலிருந்து அவற்றைப் பெயர்த்து எழுதினால் போதும்.