ஊவாத் தோட்டங்களில் கொடியும் வெயிலும்

உடை உலர்த்துதல் வரலாற்றுக்குரிய பொருளாகுமா என வினவுவோர், பதுளைப் பகுதித் தோட்ட லயங்களை ஒருமுறை நோக்குதல் தகும். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவிலே அடுப்பும் உறக்கமும் ஒருங்கே அமைந்தமையால், கொடிக்கு எஞ்சியவை இஸ்தோப்பும் முற்றமுமே. ஆடி, ஆவணியில் வீசும் ஊவாவின் வறண்ட காற்று தேயிலைக்குத் தனிமணம் ஊட்டுவது உலகறிந்தது. பீலியில் துவைத்த துணியை ஒரு பொழுதில் உலர்த்தியதும் அக்காற்றே. முன்னையதை எழுதினோர் பலர். பின்னையதை எழுதினோர் அரியர். தாய் பிழிய, பிள்ளைகள் முனைபிடித்து உதற, தந்தை கயிற்றை இழுத்துக் கட்டுவார். ஞாயிறன்றே இது கைகூடும். ஏனைய நாள்களைப் பிரட்டு விழுங்கிவிடும். ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஈரக் கம்பளி அடுப்பின் மேலேறும், புகை நெஞ்சிலேறும். 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கொடி கட்டிய முற்றமோ இம்மாற்றங்கள் எவற்றாலும் கட்டியவருக்கு உரியதாகவில்லை.