நரைக்கு அவையில் இடமில்லையா?

திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில், முழுநிலா இரவில் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். 14 கிலோமீட்டர் மலைப்பாதையைச் சுற்றி வருவோரில் நரைத்த தலைகள்தாம் எத்தனை! "வயதாயிற்றே, வீட்டிலிருங்கள்" என்று அவர்களைத் தடுப்பாரில்லை. மலையைச் சுற்றினால் வினை தீரும் என்பதை நாம் ஏற்பவரல்லர்; அது தனி வழக்கு. நாம் கேட்பது இதுதான்: பக்திக்கு வயது கேட்காத நாடு, பாட்டுக்கு மட்டும் வயது கேட்கலாமா? "இசைவிழா இளைஞர்க்கே உரியது, முதியவர்க்கு அங்கென்ன வேலை?" என்று நம் தோழர்களிலேயே சிலர் பேசுகின்றனர். பேசுமுன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1912-ஆம் ஆண்டு தஞ்சையிலே இசை மாநாடு ஒன்று கூடிற்று. கூட்டியவர் மன்னரல்லர்; மடாதிபதியுமல்லர். மருத்துவத் தொழிலால் பொருளீட்டிய ஆபிரகாம் பண்டிதர். ஐம்பதைக் கடந்த அவர், தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு மாநாட்டுக்குமேல் மாநாடு நடத்தினார். தமிழரின் பண்டை இசை இலக்கணத்தை ஆராய்ந்து, அறுபதை நெருங்கிய வயதில், 1917-இல், 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். முதியவர்க்கு இசை அவையில் இடமில்லை என்றால், அந்த அவையைக் கூட்டியவரையே அன்றோ வெளியேற்ற வேண்டும்?

திருவையாற்றுக்கு வாருங்கள். தியாகராசர் விழாவிலே பெண்கள் பாடலாகாது என்றிருந்த காலம். பாழடைந்து கிடந்த அவர் சமாதிக்குத் தம் பொருளைக் கொட்டி நினைவிடம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசிக் குலத்தில் பிறந்த பெண். கட்டடத்துக்கு அவர் பணம் வேண்டும். விழாவுக்கு அவர் குரல் வேண்டா! இதுதான் அன்றைய நீதி. அவர் அழுது ஒதுங்கினாரா? இல்லை. பெண்களைத் திரட்டித் தனி விழா நடத்தினார். பிரிந்து கிடந்த விழாக்கள் 1940-ஐ ஒட்டி ஒன்றானபோது, 1878-இல் பிறந்த அவ்வம்மையார் அறுபதைக் கடந்திருந்தார். இன்று அங்கே பாடும் இளம்பெண் ஒவ்வொருத்திக்கும் வழி திறந்தது அந்த நரைத்த தலைதான்.

தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு 'துக்கடா'வாக ஒதுக்கப்பட்ட நாளும் உண்டு. அந்நிலை மாற 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. அதை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் அறுபதைத் தாண்டியவர். அவர் செல்வர், பக்தர். அவரோடு எத்தனையோ வகையில் மாறுபட்ட பெரியாரும் இதில் தமிழிசையின் பக்கமே நின்றார். பெரியாருக்கும் அப்போது வயது அறுபதுக்கு மேல். இளைஞர் முழங்கினர், உண்மை. முன்னே நின்றவர் யார் என்பதை மறக்கலாமா?

பழங்கதை போதும் என்பீர்களாயின், மீண்டும் ரமணாசிரமத்துக்கே வருவோம். ரமணர் மீது 'ரமண மாலை' என்னும் இசைத்தொகுப்பைத் தந்தவர் இளையராஜா. அவர் பக்தி அவருக்கு. நமக்கு வேண்டுவது அவர் உழைப்பு. பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமை மேடைகளில் பாடித் திரிந்தவர், 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். வயது 81! அந்த மேடைக்கு வரவேண்டியவர் இருபது வயதினர் மட்டுமே என்று எவரேனும் சொல்லத் துணிவரா?

ஒன்றை ஒப்புக்கொள்வோம். முன்வரிசை நாற்காலியைப் பரம்பரைச் சொத்தாக எண்ணி, புதிய குரல் எழுந்தால் முகஞ்சுளிக்கும் முதியவரும் உளர். அவரைக் கண்டிப்போம்; அவர் வயதுக்காக அன்று, அவர் ஆதிக்கத்துக்காக.

இசை அவையின் வாயிலிலே சாதி காவல் நின்றது. மொழி காவல் நின்றது. ஆண் என்னும் செருக்கு காவல் நின்றது. அந்தக் காவல்களைத் தகர்த்தவர் பலர் நரைத்தவர். அவர்கள் திறந்த கதவில் வயது என்னும் புதிய காவலனை நிறுத்துவது பகுத்தறிவாகுமா? இளைஞனே, அரங்கினுள் நுழையும்போது வாயிலில் தயங்கி நிற்கும் கிழவரின் கையைப் பற்றி அழைத்துச் செல். உன் பக்கத்திலேயே அமர்த்து. அது இரக்கமன்று, கடன் தீர்ப்பது.