எளிய திருமணம் கடந்து வந்த பாதை

சிறிய மண்டபம், நெருங்கிய உறவினர் ஐம்பது பேர், மாலை மாற்றல், ஒரு மணி நேரத்தில் சடங்கு நிறைவு. இளையோர் விரும்பும் இத்தகைய திருமணத்தைப் புது நாகரிகம் என்று பலர் கருதுகின்றனர். ஆனால், தமிழரிடையே இந்த எளிமைக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு.

1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடைபெற்றது. முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடப்படுவது அதுவே. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. கடன் வாங்கிச் செலவழிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும், மணமகளும் மணமகனும் சமம் என்பதே நோக்கம். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சீர்திருத்தக் கருத்துகள் இங்கும் வேரூன்றின. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது.

எளிமையாக மணந்தவர்களுக்குச் சோதனை நீதிமன்றத்தில் காத்திருந்தது. இத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரறிய மணந்த பெண்ணின் மனைவி என்ற நிலையும், பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறியாயின.

இக்குறையைப் போக்கியது 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம். உற்றார், நண்பர் முன்னிலையில் உறுதிமொழி கூறினாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும் என்றது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. பல குடும்பங்களின் மானத்தைக் காத்த சட்டம் அது.

இந்நாடுகளின் சட்டம் வேறு வழியில் வந்தது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டமும் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தை ஒழுங்குபடுத்தின. கோயிலில் தாலி கட்டினாலும், தோட்டத்தில் மாலை மாற்றினாலும், சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்.

திருமணச் செலவைத் திட்டமிடும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. பந்தலைச் சுருக்கலாம், விருந்தைக் குறைக்கலாம், மேளத்தையும் தவிர்க்கலாம். திருமணப் பதிவை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாகாது. அந்த ஒரு தாள் இல்லாமல் முந்திய தலைமுறைப் பெண்கள் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமல்ல.