அஞ்சலிலிருந்து இணையத்துக்கு

வயதுவந்தோர் கல்வியில் இணையவழி முதுகலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தொலைவிலிருந்தே படிக்கும் இந்த வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், தன்னிடம் நேரில் வந்து படிக்க இயலாதவர்களுக்கும் பட்டத் தேர்வைத் திறந்துவிட்டது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

பாடம் எனக்குப் புதிதல்ல. 1991இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் நான் தொண்டர். கல்குவாரிப் பெண்கள் வேலை முடித்து வந்து எழுதப் பழகினார்கள், சைக்கிளும் பழகினார்கள். கூலிக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கான பாடம் அவர்கள் வாழ்விலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். இன்று அதை முறையாகப் படிக்கிறேன்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களே, இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள்.