வீட்டிலேயே மருந்து

காசநோய் என்றால் ஒரு காலத்தில் சானடோரியம்தான். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கியதன் பெயர் இன்றும் அந்த ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. மாத்திரை வரும் வரை டாக்டர்களுக்கும் வேறு வழி கிடையாது. மாத்திரை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. நோயாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் தொற்று கூடவில்லை!

உலகமே வைத்திய விதியை மாற்றி எழுதியது. 1962-ல் வந்த நமது தேசியத் திட்டமும் வீட்டு வைத்தியத்தையே நம்பியது. விதி எழுதியாயிற்று, சீட்டு எழுதும் கை கேட்க வேண்டுமே?

பம்பாய்க் குடிசைப் பகுதிகளில் 100 தனியார் டாக்டர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டு, 1991-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 80 விதமான மருந்து முறைகள் கிடைத்தன. முப்பது வருஷம் மருந்துக்கடை கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றவன் நான். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒரே தெருவில் இரண்டு டாக்டர்களின் சீட்டு ஒத்துப்போகாது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நோயாளி கடைப் பக்கம் வரமாட்டார். பிறகு மருந்துக்கு அடங்காத நோயோடு வருவார், அல்லது அவர் வீட்டுக்காரம்மா மட்டும் வருவார்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1997-ல் தொடங்கிய திருத்திய திட்டத்தில் வாரம் மூன்று நாள் மருந்து, அதையும் கண் முன்னால் விழுங்க வேண்டும். தினமும் கொடுப்பதுதான் சரி என்று பல தனியார் டாக்டர்கள் அதை ஏற்கவில்லை. 2017-ல் அரசே நாடு முழுவதும் தினசரி மருந்துக்கு மாறியது. அந்த விஷயத்தில் அவர்கள் சொன்னது பிடிவாதம் இல்லை. அதற்காக எண்பதும் சரியாகிவிடுமா?

2012-ல், ஒவ்வொரு காசநோயாளியையும் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் அலுத்துக்கொண்டார்: "பேரைக் குடுத்தா வீட்டுக்கு ஆள் வருவாங்க, தெருவுக்கே தெரிஞ்சிடும்னு பயப்படுறாங்க சார். அடுத்த வாரம் வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்க. அங்க முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க."